கணக்கு வராதவனுக்கு வாய்த்த உத்தியோகம்

கணிதத்தில் பிரியமில்லாத பிள்ளைக்குக் கௌரவமான ஜீவனத்துக்கு வழி கிடையாது என்கிற அபிப்பிராயம் நம் குடும்பங்களில் எப்படியோ ஆழமாக வேரூன்றிவிட்டது. மதிப்பெண் பட்டியலில் தமிழுக்கும் சரித்திரத்துக்கும் எதிரே எவ்வளவு நல்ல எண்கள் இருந்தாலும், கணக்குக்கு எதிரே உள்ள எண் சற்றுத் தாழ்ந்திருந்தால், தகப்பனாரின் முகம் வாடிவிடுகிறது; தாய்மாமன் வந்து தமக்குத் தெரிந்த பயிற்சிப் பள்ளி ஒன்றின் விலாசத்தைச் சொல்லிவிட்டுப் போகிறார்; பையனோ தன்னிடம் பிறவியிலேயே ஏதோ குறை இருப்பதாக எண்ணி ஒடுங்கிப் போகிறான். ஆயுளின் பெரும்பகுதியைப் பட்டுப்புடவைக் கடைகளில், வாங்க வந்தவர்களுக்கு எதிரே உட்கார்ந்தும் நின்றும் கழித்தவன் என்ற பாத்தியதையில், அந்த அபிப்பிராயம் பிசகானது என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். எண்களோடு மல்லுக்கட்ட இயலாத மனசுக்கு மனிதர்களோடு பழகுகிற வித்தை நன்றாகவே கைகூடலாம். அந்த வித்தைக்குச் சம்பளம் கொடுக்கும் இடங்கள் நம் ஊர்க் கடைத்தெருக்களில் வெகுகாலமாக இருந்து வருகின்றன.

நான் படித்த நாளில் எஸ்.எஸ்.எல்.சி. என்பது பதினோராம் வகுப்போடு முடிந்தது. மேல்நிலைப் பள்ளி முறை தமிழ்நாட்டுக்கு 1978-ல்தான் வந்தது. அந்தப் பரீட்சையில் கணிதம் ஒன்றுதான் எனக்குக் கைகொடுக்கவில்லை. எங்கள் ஊர் திருபுவனத்துக்கு அருகில். விடியற்காலையில் எந்தத் தெருவில் நடந்தாலும் தறிச்சத்தம் காதில் விழும். கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் பட்டு ஜவுளி வியாபாரம் செய்துவந்த ஒரு முதலாளிக்கு என் சிற்றப்பா நெடுநாள் பரிச்சயமானவர். அவர் என்னை அங்கே அழைத்துச் சென்று விட்டபோது, கடை என்றாலே கூட்டலும் கழித்தலும் வட்டியும் தள்ளுபடியுமாகத்தான் இருக்கும், பள்ளிக்கூடத்தில் விட்ட இடத்திலிருந்து அதே துன்பம் மறுபடி தொடங்கப் போகிறது என்ற கலக்கத்தோடுதான் படியேறினேன்.

உள்ளே கண்ட ஏற்பாடு வேறு விதமாக இருந்தது. வாசலுக்கு நேரே கல்லாப்பெட்டி. அதன் பின்னால் முதலாளி. ஓரத்தில் சாய்வுமேஜையும் பேரேடுமாகக் கணக்குப்பிள்ளை. கூடம் முழுவதும் ஜமக்காளம் விரித்து, அதன்மேல் வெள்ளை வேட்டி போர்த்தி, சுவரோரமாக அலமாரிகளில் புடவைகளை அடுக்கியிருந்தார்கள். அந்த வெள்ளை விரிப்பின்மேல் வாடிக்கையாளர்களுக்கு எதிரே அமர்ந்து புடவையை எடுத்துப் போடுகிறவர், பில் எழுதுவதும் இல்லை, பணம் வாங்குவதும் இல்லை, பாக்கிச் சில்லறை எண்ணுவதும் இல்லை. தேர்ந்தெடுத்த புடவையைக் கணக்குப்பிள்ளையிடம் கொடுப்பதோடு அவருடைய பொறுப்பு முடிந்துவிடும். இந்த வேலைப் பிரிவினை பெரிய ஜவுளிக்கடைகளில் இன்றைக்கும் மாறவில்லை. விற்பவர் வேறு, பில் போடுபவர் வேறு, பணம் வாங்குபவர் வேறு, பொட்டலம் கட்டுபவர் வேறு. கணக்குக்கு அஞ்சுகிற ஒருவன் இந்த நால்வரில் முதல்வனாக இருந்து ஆயுசு முழுவதும் சம்பாதிக்கலாம் என்பது எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது.

விலைகூட அக்காலத்தில் எண்ணாக இருக்கவில்லை. மடிப்புக்குள் செருகிய சிறு சீட்டில் விலை எழுத்துகளாக எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஓர் எழுத்து என்று, பத்து எழுத்துக்களை முதலாளி குறித்து வைத்திருப்பார். வாங்க வருகிறவர்களுக்கு அது புரியாது, கடைக்காரர்களுக்கு மட்டும் புரியும். இவ்விதச் சங்கேதங்கள் ஜவுளி வியாபாரிகளிடம் சர்வசாதாரணம். எண்ணாக எழுதியிருந்தால் என்னை மிரட்டியிருக்கக்கூடிய தொகைகள், எழுத்துக் கூட்டங்களாக வந்தபோது, ஏதோ ஊர்ப்பெயர்களைப்போல மனசில் பதிந்துவிட்டன. இன்ன எழுத்தில் தொடங்கினால் முகூர்த்தத் தரம், இன்ன எழுத்தில் தொடங்கினால் சீர் வரிசைக்கு எடுப்பது என்று நான் இனம் கண்டுகொண்டேனே ஒழிய, ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்துப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு நேர்ந்ததில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, கணக்கு வராதவன் சும்மா உட்கார்ந்து பிழைப்பதற்கு ஏற்ற இடம் போலும் என்று யாராவது எண்ணினால் அதைவிடப் பெரிய தவறு இல்லை. அங்கே வேறு பாடங்கள் இருந்தன. எங்களுக்கு மூத்தவராக, கடையில் எல்லோரும் பெரியண்ணன் என்று அழைத்த ஒருவர் இருந்தார். சேர்ந்த புதிதில் என்னைப் புடவை எடுத்துப் போட அவர் அனுமதிக்கவில்லை. மாலையில் கலைந்து கிடக்கும் குவியலை மடிக்க மட்டும் விட்டார். மடிப்பதில் என்ன கற்க இருக்கிறது என்று நினைப்பீர்கள். ஒவ்வொரு புடவையும் கைவழியாகப் போகும்போது, அதன் கனமும் வழவழப்பும் ஜரிகையின் முறுக்கும் விரல்களுக்குத் தெரிந்துவிடுகின்றன. சில மாதங்களில், கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் இது காஞ்சிபுரம், இது திருபுவனம், இது ஆரணி என்று கை சொல்லத் தொடங்குகிறது. கைக்கு அந்த ஞானம் வந்த பிறகுதான் வாய்க்குப் பேச உரிமை என்பது பெரியண்ணனின் சித்தாந்தம்.

ஒரு நாள் அவர் கோர்வைப் புடவை ஒன்றை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, கரையும் உடலும் சேருகிற இடத்தை என் ஆள்காட்டி விரலுக்குக் கீழே வைத்து அழுத்தினார். கரையின் நிறம் உடலுக்குள்ளும் உடலின் நிறம் கரைக்குள்ளும் ரம்பத்தின் பல்போல மாறிமாறிப் புகுந்து நிற்பதைப் பார்த்தேன். கரைக்கு ஒரு நாடா, உடலுக்கு ஒரு நாடா, மறுகரைக்கு இன்னொரு நாடா என்று மூன்று நாடாக்களை ஓட்டி, மறுபுறத்தில் துணையாள் ஒருவரை வைத்துக்கொண்டு நெய்தால்தான் அந்தப் பல் விழும் என்று அவர் விளக்கினார். பிறகு ஜரிகை இழை ஒன்றை நகத்தால் மெள்ளச் சுரண்டச் சொன்னார். மேலே பொன் முலாம், அதன்கீழே வெள்ளிக் கம்பி, உள்ளே சிவப்புப் பட்டு நூல். அந்தச் சிவப்பு தெரிந்தால் அசல் ஜரிகை. இவ்வளவையும் காட்டிவிட்டு, "தம்பி, வாங்கற அம்மாவுக்கு இதை நீ சொல்லிக் காட்டலேன்னா, அவங்க வெறும் துணியைத்தான் வாங்கிக்கிட்டுப் போறாங்க. நெசவாளி ரெண்டு வாரம் உக்காந்து செஞ்ச வேலையை அவங்க கையில ஒப்படைக்கிறது உன் பொறுப்பு" என்றார். வாடிக்கையாளருக்குச் செய்யும் சேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான லட்சணத்தை நான் பின்னால் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கேட்கவில்லை.

நிறங்களைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குத் திருப்தி வராது. அரக்கு, மாம்பழம், கிளிப்பச்சை, பாசிப்பச்சை, வாடாமல்லி, கத்தரிப்பூ, வெங்காயத்தோல், காப்பிக்கொட்டை, மிளகாய்ப்பழச் சிவப்பு என்று எங்கள் பட்டியல் முழுவதும் கண்ணால் கண்ட பொருள்களின் பெயர்களாகவே இருந்தது. காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகச் சாயமேற்றிக் கொடுத்த நீலம், எம்.எஸ். நீலம் என்ற பெயரிலேயே கடைதோறும் கேட்கப்பட்டது. மயில்கழுத்து என்பது ஒற்றை நிறமே இல்லை. பாவில் ஒரு நிறமும் ஊடையில் வேறு நிறமுமாக ஓட்டுவதால், துணியை அசைக்க அசைக்க நீலம் பச்சையாகிப் பச்சை நீலமாகும். மடித்த புடவையைப் பார்த்து இதை யாரும் அறிய முடியாது. எடுத்து உதறி, மடிப்பு விழ விட்டுக் காட்ட வேண்டும். மின்விளக்கு நிறத்தை மாற்றிக் காட்டிவிடும் என்பதால், தீர்மானிக்கும் முன் புடவையை வாசலுக்கு எடுத்துச் சென்று பகல் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்வது எங்கள் கடையின் கண்டிப்பான வழக்கம். அவ்விதம் வாசலில் பார்த்துவிட்டு வேண்டாம் என்று திரும்பியவர்களும் உண்டு. அந்த வியாபாரம் போனதைப் பற்றிப் பெரியண்ணன் ஒருபோதும் கவலைப்பட்டதில்லை. வீட்டுக்குப் போய் நிறம் மாறித் தெரிந்து மனம் வருந்துவதைக் காட்டிலும் கடை வாசலிலேயே வேண்டாம் என்று சொல்வது இருவருக்கும் நல்லது என்பார்.

ஆனால் நிறமும் நெசவும் இந்தத் தொழிலில் பாதிதான். மறுபாதி, வந்திருப்பவர் யார், எதற்காக வந்திருக்கிறார், அவர் சொல்லாமல் விட்டது என்ன என்று அறிவது. ஜவுளி எடுக்கத் தனியாக வருகிறவர் நம் பக்கத்தில் அபூர்வம். கலியாண ஜவுளி என்றால் ஒரு வண்டி நிறைய ஜனம் வந்து இறங்கும். அவர்களில் யார் வாய் ஓயாமல் பேசுகிறாரோ அவர் பெரும்பாலும் தீர்மானிக்கிறவராக இருக்கமாட்டார். மன்னார்குடிப் பக்கத்துக் குடும்பம் ஒன்றை நினைத்துக்கொள்கிறேன். மணப்பெண்ணின் அத்தை ஒருவர், "இதைக் காட்டுங்க, அதை எடுங்க" என்று கூடத்தையே ஆட்டி வைத்துக்கொண்டிருந்தார், தாயார் தலையசைத்துக்கொண்டிருந்தார், பெண் தன் கைப்பையின் வாரைத் திருகியபடி தரையைப் பார்த்திருந்தாள். இவர்கள் யாருக்கும் பின்னால், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த பாட்டியம்மாள் ஒருவர், தம் பக்கம் தள்ளப்பட்ட புடவைகளில் ஒன்றின் கரையை மட்டும் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். பெரியண்ணன் பேசுகிற அத்தையிடமிருந்து மரியாதை குறையாமல் விலகி, அந்தப் புடவையை எடுத்துப் பெண்ணின் தோளில் முகத்தருகே பிடிக்குமாறு தாயாரிடம் கொடுத்து, "பாட்டி, நீங்க சொல்லுங்க, உங்க பேத்திக்கு இது எப்படி இருக்கு?" என்று கேட்டார். அதுவரை ஒரு வார்த்தையும் பேசாதிருந்த பாட்டி, "என் கலியாணத்துல இதே ரெட்டைப்பேட்டுக் கரைதான்" என்றார். பெண் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அதற்குமேல் யாரும் எதையும் விரிக்கச் சொல்லவில்லை.

முதற்கேள்வி எதுவாக இருக்கவேண்டும் என்பதிலேயே இந்தத் தொழிலின் தர்மம் அடங்கியிருக்கிறது என்று நான் கருதுகிறேன். "எவ்வளவு விலைக்குள்ளே?" என்று எடுத்த எடுப்பில் கேட்பதை எங்கள் கடையில் அனுமதிக்கமாட்டார்கள். சம்பந்திகளும் அண்டை வீட்டாரும் கூட இருக்கும்போது அந்தக் கேள்வி ஒரு தகப்பனாரைத் தலைகுனிய வைத்துவிடும். "யாருக்கு எடுக்கறீங்க, என்ன விசேஷம்?" என்பதே எங்கள் ஆரம்பம். அதற்கு வருகிற விடையில் எல்லாம் வந்துவிடும்: மடிசார் கட்டும் வீடானால் ஒன்பது கஜம் காட்டவேண்டும், கிறிஸ்தவ முகூர்த்தமானால் வெண்மையும் சந்தனமும் முதலில் வரவேண்டும், அறுபதாம் கலியாணமானால் மணப்பெண்ணுக்குக் காட்டுகிற ஜொலிப்பைக் கொஞ்சம் அடக்கிக் காட்டவேண்டும், ரவிக்கைத் துணி சேர்ந்திருக்கிறதா என்பதை வாங்குகிறவர் கேட்கும் முன் நாமே சொல்லிவிடவேண்டும். விலையை அறிவதற்கு, தரம் வேறுபட்ட மூன்று புடவைகளை அருகருகே போட்டுவிட்டுச் சற்றுப் பேசாமல் இருந்தாலே போதும். கை எதன்மேல் தங்குகிறது, கண் எதிலிருந்து சட்டென்று விலகுகிறது என்று பார்க்கத் தெரிந்தவனுக்கு எந்த எண்ணையும் வாயால் கேட்கவேண்டியதில்லை.

தூணோரமாக, மற்றவர்களிடமிருந்து தள்ளி, மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதரை ஒவ்வொரு முகூர்த்த மாதத்திலும் பார்த்திருக்கிறேன். அவர்தான் பணம் கொடுக்கப்போகிறவர். அதனாலேயே அவர் புடவைகளின் பக்கம் வரமாட்டார். அவருக்கு ஒரு தம்ளர் மோர் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, இதே அரக்கில் ஜரிகை குறைத்து நெய்தது ஒன்று உள்ளே இருக்கிறது, கட்டினால் கனமில்லாமல் அழகாக இருக்கும், எடுத்துவரட்டுமா என்று அவர் காதுக்கு மட்டும் கேட்குமாறு சொல்வது விற்பனை உத்தி என்று சிலர் எண்ணலாம். நான் அதைக் கடமை என்றே எண்ணிச் செய்தேன். விலை குறைந்த புடவையை விரிக்கும்போது கையின் மரியாதையும் குறைந்துவிட்டால், அவன் எவ்வளவு விற்றாலும் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லாதவன் என்பது என் தீர்மானமான கருத்து.

குறை சொல்ல வருகிறவர்களை எதிர்கொள்வது இன்னொரு பரீட்சை. சந்தன நிற உடலில் கரையின் சிவப்பு கசிந்து திட்டுத்திட்டாகப் படிந்திருந்த புடவையைக் கொண்டுவந்து கல்லாவின்மேல் போட்டு, கடை முழுவதும் கேட்கும்படி ஓர் அம்மாள் பேசினார். அன்றைக்கு அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. எப்படித் துவைத்தீர்கள் என்று முதலில் கேட்டால் அது குற்றம்சாட்டுவதாகும் என்பது எனக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தது. ஆகையால் புடவையை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு, அவரை உள்ளே உட்காரவைத்து, அவர் சொல்லவந்ததை இடைமறிக்காமல் முழுவதும் கேட்டேன். மகளின் வளைகாப்புக்குக் கட்டிய புடவை, திரும்பவும் சீமந்தத்துக்குக் கட்டவேண்டும் என்று எடுத்தபோதுதான் இப்படி ஆகியிருப்பது தெரிந்தது என்றார். பேச்சின் முடிவில் அவரே, வீட்டு வேலைக்கு வந்த பெண் சோப்புத் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்துவிட்டாள் என்பதையும் சொன்னார். பட்டுப்புடவையை ஊறவைக்கவே கூடாது, முதல் சில தடவைகள் உலர்சலவைக்குக் கொடுப்பதே உத்தமம், வீட்டில் அலசினால் பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் உடனே விரித்துவிடவேண்டும் என்று அவருக்கு எடுத்துச் சொல்லி, எங்களுக்குத் தெரிந்த சாயக்காரரிடம் கொடுத்து முழுப்புடவையையும் ஆழ்ந்த அரக்காகத் தோய்த்துத் தர ஏற்பாடு செய்தோம். கோபம் அடியோடு தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன், குரல் தணிந்திருந்தது. புடவையைப் பருத்தித் துணியில் சுற்றி வைப்பது, ஜரிகை மடிப்பில் முறியாமலிருக்க இரண்டு மூன்று மாதத்துக்கொரு தடவை மடிப்பை மாற்றுவது, பாச்சை உருண்டை ஜரிகைமேல் படாமல் பார்த்துக்கொள்வது ஆகிய மூன்றையும் அதன் பிறகு புடவை வாங்கிய ஒவ்வொருவருக்கும் சொல்லியனுப்பினேன்.

பிற்காலத்தில் நான் சென்னைக்கு வந்து தியாகராய நகரில் வேலை பார்த்தேன். 1928-ல் நல்லி சின்னசாமிச் செட்டியார் தொடங்கிய கடை முதலாகப் பனகல் பூங்காவைச் சுற்றிப் பட்டுக்கடைகள் பெருகிய வட்டாரம் அது. அங்கே ஜமக்காளம் போய் மேஜையும் நாற்காலியும் வந்திருந்தன. எழுத்துச் சீட்டு போய்ப் பட்டைக் குறியீடு வந்தது. 2004-ல் மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியால் சில்க் மார்க் முத்திரையும், அடுத்த ஆண்டில் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தபின், அசல் எது போலி எது என்று வாடிக்கையாளருக்கு நிரூபித்துக் காட்டுவது எங்களுக்குச் சுலபமாயிற்று. கணக்கு இன்னும் தூரமாக விலகிப் போயிற்று. தள்ளுபடியையும் வரியையும் யந்திரமே போட்டுக்கொண்டது. இந்த மாறுதல்களில் பெரும்பாலானவற்றை நான் சந்தோஷத்தோடுதான் வரவேற்றேன்.

இரண்டு விஷயங்களை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. ஒன்று, மாத இலக்கு. இத்தனை ரூபாய்க்கு விற்றாகவேண்டும் என்று ஒவ்வொரு சேல்ஸ்மேனுக்கும் ஒரு தொகையைக் குறித்துச் சுவரில் எழுதி வைக்கும் வழக்கம் வந்தபோது, வாசல் வழியாகப் போன எண் கொல்லை வழியாகத் திரும்பி வந்துவிட்டது. அந்த எண்ணைத் தலையில் சுமந்துகொண்டு உட்காருகிறவனுக்குச் சுவரோரத்துப் பாட்டியம்மாளின் கட்டைவிரல் தெரியாது. தூணோரத்து மனிதர் அவனுக்கு உபத்திரவமாகத் தோன்றுவார். விற்ற தொகையைக் கொண்டு ஆளை மதிப்பிடுகிற முதலாளி, திரும்பி வருகிற குடும்பங்களைக் கொண்டும் மதிப்பிட்டால் அவருக்கே அதிக லாபம் உண்டு என்று நான் பல இடங்களில் வாதாடியிருக்கிறேன். சில இடங்களில் காது கொடுத்தார்கள், பல இடங்களில் கொடுக்கவில்லை.

மற்றொன்று, நிற்பது. ஜமக்காளத்தில் உட்கார்ந்து வியாபாரம் செய்த தலைமுறை அறியாத துன்பம் இது. காலை கடை திறந்ததிலிருந்து இரவு ஷட்டர் இறங்கும் வரையில், கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிள்ளைகள் நின்றுகொண்டே இருக்கவேண்டும் என்ற நியதி பெரிய கடைகளில் எப்படியோ புகுந்துவிட்டது. என்னோடு வேலை பார்த்த பெண்பிள்ளைகள் இருபத்தைந்து வயதுக்குள் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு அவதிப்பட்டதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். 2018-ல் கேரளமும், 2021-ல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தி, கடைப் பணியாளர்கள் அனைவருக்கும் இருக்கை போடவேண்டும் என்று விதித்தன. அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்த அன்று, இந்தத் தொழிலுக்கு நடந்த நன்மைகளில் இதுவே தலையானது என்று என் மனைவியிடம் சொன்னேன். சட்டம் வந்த பிறகும் இருக்கையை மூலையில் போட்டுவிட்டு, அதில் உட்காருகிறவனை முறைத்துப் பார்க்கிற கடைகளைப் பற்றி வேலை பார்க்கும் பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். முதலாளிகளே, கால் வலிக்க நிற்கிற பிள்ளையின் முகத்தில் வாடிக்கையாளருக்கான புன்னகையை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

கணக்கை விரும்பாதவர்கள் எல்லாக் கடைக்கும் போய்ச் சேரலாம் என்று நான் சொல்லவரவில்லை. பட்டுக்கடைக்கு அடுத்த வாசலிலுள்ள நகைக்கடைக்குள் நுழைந்தால் முற்றிலும் வேறு உலகம்: அன்றன்றைய விலை, சவரனுக்கு 8 கிராம், சேதாரம், செய்கூலி, பழைய நகைக்குக் கழிவு என்று எதிரே இருப்பவரிடம் பேசும்போதே மனக்கணக்கு ஓடிக்கொண்டிருக்கவேண்டும். மருந்துக்கடையில் மில்லிகிராம் பிசகினால் உயிருக்கே ஆபத்து. மின்சாதனக் கடையில் பொருளை விற்பதைவிடத் தவணையை விளக்குவதே பெரிய வேலை. வங்கி, காப்பீடு ஆகியவற்றைச் சொல்லவே வேண்டாம். இவற்றுக்கு மாறாக, பெரிய விடுதிகளின் வரவேற்பு மேஜை, நூலகங்கள், அருங்காட்சியகங்களில் சுற்றிக்காட்டுகிற வேலை, தொலைபேசியில் குறைகேட்கும் நிலையங்களில் பணவிவகாரம் சாராத பிரிவுகள் ஆகியவற்றில், கேட்கத் தெரிந்த காதுக்கும் தெளிவாக எடுத்துச் சொல்லும் வாய்க்கும்தான் முதல் ஸ்தானம்.

என் தங்கை மகள் ஒரு கண் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லும் பணியில் இருக்கிறாள். அவளுக்கும் கணக்கு வராது. எங்கள் குடும்பத்து வாசி போலும். கண்புரை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு, கிராமத்திலிருந்து வந்த முதியவர் அவள் எதிரே வந்து உட்காருகிறார். கண்ணையே வெளியில் எடுத்துவிடுவார்கள் என்று அவர் ஊரில் யாரோ சொல்லியனுப்பியிருக்கிறார்கள். கண்ணுக்குள் மங்கிப்போன வில்லையை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் செயற்கை வில்லையை வைப்பார்கள், கண் இருந்த இடத்திலேயே இருக்கும் என்று சிறிய மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்துக் காட்டுகிறாள், "தாத்தா, வலிக்காம மரத்துப்போகப் பண்ணிட்டுத்தான் செய்வாங்க. கூட யார் வந்திருக்கா?" என்று கேட்கிறாள். அவர் மறுபடியும் அதே சந்தேகத்தைக் கேட்டால், முதல் தடவை கேட்பதுபோலவே பாவித்து மறுபடியும் சொல்கிறாள். கட்டண விவரத்துக்கு வேறு மேஜை இருக்கிறது. பயந்துபோய் ஊருக்குத் திரும்பிவிட இருந்த மனிதர் சிகிச்சைக்குச் சம்மதிப்பது அவளுடைய மேஜையில்தான். பட்டுக்கடையில் நான் செய்ததும் ஆஸ்பத்திரியில் அவள் செய்வதும் ஒரே ஜாதி வேலை என்று நான் அவளிடம் சொல்வதுண்டு; அவளும் அதை ஒப்புக்கொள்கிறாள்.

ஆகவே, பெற்றோர்களுக்கு என்னுடைய வேண்டுகோள் இதுதான். பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைக்குக் கணக்கு வரவில்லையே என்று அங்கலாய்க்கும் முன், வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் அவன் எப்படிப் பேசுகிறான், அடுத்தவர் முகம் வாடினால் அதைக் கவனிக்கிறானா, ஒருமுறை பார்த்த மனிதரை மறுமுறை அடையாளம் கண்டுகொள்கிறானா என்று பாருங்கள். கவனிக்கிறவனாக இருந்தால், தீபாவளிக்கு முன்பு ஜவுளிக்கடைகள் தற்காலிகமாக ஆள் எடுக்கும் மாதத்தில் அவனைச் சேர்த்துப் பாருங்கள். அவனுக்கு ஒத்துவருமா வராதா என்பது அந்த ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். நிரந்தரமாகச் சேரும் முன்னால் மூன்று கேள்விகளை முதலாளியிடம் அவனே கேட்கட்டும். உட்கார இருக்கை உண்டா? 1947-ஆம் ஆண்டுக் கடைகள் சட்டப்படி வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டா? பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடித்துக் கட்டுகிறார்களா? இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்லுகிற கடையில் சேரட்டும். மழுப்புகிற கடையை விட்டு, எவ்வளவு பெரிய பெயர்ப்பலகையாக இருந்தாலும், அடுத்த கடைக்குப் போகட்டும்.